ஷவர் தொட்டித் தண்ணீர்

2019 கோடையில் எங்கள் ஆலைக்குத் துப்புரவு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஓர் அக்கா என்னிடம் இரண்டு குடம் தண்ணீர் கேட்டார். தர முடியாது என்றேன். நடந்தது இவ்வளவுதான். யாரிடம் சொன்னாலும், "சரியாகத்தானே செய்திருக்கிறாய், பிறகென்ன?" என்கிறார்கள். சரி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு இன்றுவரை மனதைவிட்டுப் போகவில்லை.

அவர் கேட்டது குடிநீர்த் தொட்டித் தண்ணீரை அல்ல. காஸ்டிக் சோடா (தோலை அரிக்கும் கடுங்காரம்) டேங்கர் இறக்கும் இடத்தில், அது உடம்பில் பட்டவர் ஓடிப்போய் நின்று கழுவிக்கொள்ளும் பாதுகாப்பு ஷவருக்கென்றே மேலே ஒரு 2,000 லிட்டர் தொட்டி வைத்திருந்தோம். "அந்தத் தண்ணீர் சும்மாதானே சார் நிற்கிறது? குடிக்கவா கேட்கிறேன்? பாத்திரம் தேய்க்கத்தான்" என்றார். அந்த வருடம் வடசென்னை மணலியில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. சடையங்குப்பம் பக்கம் அவர் வீடு. லாரி எந்த நேரத்தில் வரும் என்று தெரியாமல் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுக் காலை ஷிப்டுக்கு வருவார். மீஞ்சூர் வரை நிலத்தடி நீரை உறிஞ்சி எடுத்து அங்கே கடல்நீர் ஏறிய கதையில் எங்களைப் போன்ற ஆலைகளுக்கும் பங்கு உண்டு. அதையும் தெரிந்துகொண்டுதான் முடியாது என்றேன்.

ஏன் முடியாது என்பதைச் சொல்ல வேண்டுமானால் காஸ்டிக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வருவது 48 சதவீதக் கரைசல். பார்க்கத் தண்ணீர்தான். நிறமில்லை, மணமில்லை, கொஞ்சம் கொழகொழப்பாக ஓடும், ஒரு லிட்டர் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். தண்ணீரோடு சேர்ந்தால் கொதிக்கக் கொதிக்கச் சூடேறும். அதனால் நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கை மெல்லச் சேர்க்க வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் பட்டால் அரித்துத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். தோல் கையுறையையும் தின்றுவிடும், ரப்பர்தான் வேண்டும். இதெல்லாம் ஆலைக்குள் எல்லோருக்கும் பாடம்.

பாடமாகாத ஒன்று உண்டு. கையில் பட்டால் அது உடனே எரிவதில்லை. விரல்களைத் தேய்த்துப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு நம் தோலின் கொழுப்பு சோப்பாக மாறிக்கொண்டிருப்பது. அமிலம் பட்ட இடத்தில் புரதம் திரைந்து பொருக்குக் கட்டும்; அந்தப் பொருக்கே ஓரளவு தடையாக நிற்கும். காரம் கொழுப்பையும் புரதத்தையும் கரைத்து வழி உண்டாக்கிக்கொண்டே உள்ளே போகும். கண்ணில் தெறித்தால் சில நிமிடங்களில் கருவிழியைத் தாண்டிவிடும். எலுமிச்சை பிழியலாமா, புளிக்கரைசல் ஊற்றலாமா என்று பயிற்சியில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. கூடாது. அமிலமும் காரமும் சேர்ந்து அங்கேயே சூடு கிளம்பும், நேரமும் வீணாகும். துணியைக் கழற்றி எறிந்துவிட்டு உடனே ஓடும் தண்ணீரில் நிற்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம். கண்ணுக்கு அரைமணி நேரமும் போதாமல் போகலாம்.

முன்பு வேறோர் ஆலையில் வேலை பார்த்தபோது இதை நேரில் பார்த்திருக்கிறேன். ஹோஸைக் கழற்றும்போது உள்ளே தங்கியிருந்த கரைசல் ஓர் உதவியாளரின் முகத்தில் தெறித்தது. ஷவருக்கு ஓடினார்கள். பிடியை இழுத்ததும் துருநீர் கொஞ்சம் வந்தது, பிறகு காற்று வந்தது, அவ்வளவுதான். குடிநீர்ப் பானையிலிருந்து டம்ளர் டம்ளராக மொண்டு ஊற்றினோம். அவருக்கு ஒரு கண் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் நான் பார்ப்பது ஷவர் தொட்டியின் மட்டத்தைத்தான்.

எனவே அந்த அக்காவிடம் மறுத்தது பிடிவாதத்தால் அல்ல. கணக்கு இது: ஷவரில் நிமிடத்துக்குச் சுமார் 75 லிட்டர் கொட்ட வேண்டும் என்பது பல ஆலைகள் பின்பற்றும் அமெரிக்கத் தர அளவு. 15 நிமிடத்துக்கு 1,100 லிட்டருக்கு மேல் போய்விடும். எங்கள் தொட்டி ஒருவருக்குப் போதும், இரண்டாமவருக்குப் பாதியில் நின்றுவிடும். இதில் எங்கிருந்து எடுத்துத் தருவது? இன்று ஒருவருக்கு என்றால் நாளை பத்துப் பேர் குடத்தோடு நிற்பார்கள், அவர்களில் யாரிடம் இல்லை என்பது?

அதே கணக்கை இன்னொரு பக்கமாகவும் போடலாம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் இரண்டு குடம் 30 லிட்டர். ஷவரில் அது 24 விநாடி. 2,000 லிட்டரில் அந்த 24 விநாடியைத்தான் நான் அப்படிக் காவல் காத்தேன்.

அவர் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. "வெள்ளிக்கிழமை தோறும் திறந்து தரையில் விடுகிறீர்களே சார், அதை நான்தானே பெருக்கித் தள்ளுகிறேன்" என்றார்.

உண்மைதான். வாரம் ஒருமுறை ஷவரைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காமல் விட்டால் வால்வு இறுகிவிடும், குழாயில் துரு சேர்ந்துவிடும், அந்தப் பழைய ஆலையில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். ஒரு நிமிடம் திறந்தால் ஐந்து குடம். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்ததே, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அன்றும் நாங்கள் திறந்தோம். அன்றும் திறந்தது சரி என்றே இன்றும் சொல்வேன்.

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான்தான் அவசர அவசரமாகக் காஸ்டிக்கைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். கண்ணில் பட்டால் என்ன ஆகும், வழவழப்பாக இருந்தால் என்ன பொருள் என்றெல்லாம். துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் பிளாஞ்சைக் காட்டி, "அப்படியென்றால் இது என்ன சார்?" என்றார்.

பிளாஞ்ச் அடியில் கசிந்த காஸ்டிக் காற்றுப் பட்டு வெள்ளையாகப் பூத்திருந்தது. போல்ட்டைச் சுற்றி உப்புப் படிந்ததுபோல ஒரு வளையம். அதில் உதிர்ந்தது தரையில் மாவாகக் கிடந்தது. பெரும்பகுதி கார்பனேட்டாக மாறியிருக்கும், உள்ளே ஈரமாக இருப்பது காஸ்டிக்கேதான். அதைத்தான் அவர் தினமும் பெருக்கிக்கொண்டிருந்தார். கையில் பருத்திக் கையுறை, காலில் ரப்பர் செருப்பு. கண்ணாடி இல்லை. டேங்கர் இறக்குபவர்களுக்கு முகக்கவசமும் ஏப்ரனும் பூட்ஸும் உண்டு; துப்புரவு வேலை என்பது காஸ்டிக் பணிகளின் பட்டியலிலேயே வராது. கருவிகள் தர வேண்டியது ஒப்பந்தக்காரர், பட்டியல் போட வேண்டியது வேறு துறை. ஷிப்ட் பொறுப்பாளரான எனக்கு அதில் கையெழுத்துப் போடும் இடம்கூட இல்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவரைக் காப்பாற்றவும்தானே அந்தத் தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தவன், அந்தக் கையுறையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அதே வாரம் கண்ணாடி, ரப்பர் கையுறை, கம்பூட்ஸ் கேட்டு எழுதினேன். வந்தன. வியர்வையில் கண்ணாடி மூடிப்போகிறது என்று அவர் நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொள்வார். பார்க்கும்போதெல்லாம் இறக்கச் சொல்வேன். வெள்ளிக்கிழமைத் தண்ணீரை டிரம்மில் பிடிக்கவும் ஏற்பாடு செய்தோம். கழிப்பறைக்கும் செடிகளுக்கும் பயன்பட்டது. வீட்டுக்கு எடுத்துப்போக மட்டும் நான் கேட் பாஸ் போடவில்லை. காஸ்டிக் இறக்கும் இடத்தில் பிடித்த தண்ணீர், டிரம்மின் விளிம்பில் என்ன ஒட்டியிருக்கும் என்று யார் கண்டது, அதில் தேய்த்த தட்டில் குழந்தைகள் சாப்பிடுவார்கள். இது உண்மையான காரணம்தான். ஆனால் அவர் கேட்ட அன்று இந்தக் காரணம் எனக்குத் தோன்றவே இல்லை. மறுத்த பிறகுதான் தோன்றியது. அதனாலேயே இதை முழுதாக நம்ப முடியவில்லை. வேண்டுமென்றிருந்தால் புதுக் குடம் வைத்து, தொட்டிக்குத் தண்ணீர் கொட்டும் லாரியிலிருந்தே பிடித்துக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு நாள் மனைவி கேட்டாள். இருக்கலாம். அந்த லாரித் தண்ணீருக்கும் வரவுக் கணக்கு உண்டு என்றேன். அவள் மேற்கொண்டு பேசவில்லை.

அடுத்த வருடம் துப்புரவு ஒப்பந்தம் கைமாறியது. புதிய ஆட்கள் வந்தார்கள், அவர் வரவில்லை.

இப்போது தொட்டி பெரிதாகிவிட்டது. இரண்டு பேருக்கு முழுதாகப் போதும். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் கொதித்துவிடக் கூடாது என்று மேலே கூரையும் போட்டிருக்கிறோம். காஸ்டிக் பயிற்சியில் துப்புரவுப் பணியாளர்களையும் சேர்த்தே உட்கார வைக்கிறேன். அந்த ஒரு மணி நேரக் கூலியை யார் கொடுப்பது என்று ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். எங்கள் துறையா அவரா என்பது இன்னும் முடிவாகவில்லை.