பழைய பி450 போர்டில் ரைசன் 5600: முதல் வேலை பயாஸ்

வீட்டு டெஸ்க்டாப்பில் இருந்தது பி450 சிப்செட் மதர்போர்டு, 2018இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 5 2600 பிராசசர், 8 ஜிபி ரேம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு. போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் 5600 ஆக்கலாம் என்று இறங்கினேன். இரண்டுக்கும் ஒரே ஏஎம்4 சாக்கெட், 6 கோர், 65 வாட். ஆனால் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், 16 எம்பியிலிருந்து 32 எம்பி ஆகிறது, ஒவ்வொரு கோரும் முன்பைவிட நிறைய வேலை செய்கிறது.

சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது. ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில்தான் வந்தது. பயாஸ் என்பது கணினியை எழுப்ப முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். அந்த வரிசைக்கு முன் எழுதிய பயாஸுக்கு இந்தப் பிராசசரை எப்படி எழுப்புவது என்றே தெரியாது. ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். அதனால் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். பிராசசரே இல்லாமல் பென் டிரைவ் செருகி ஒரு பட்டனை அழுத்தினால் அப்டேட் ஆகும் வசதி சில போர்டுகளில் உண்டு. என்னுடையதில் இல்லை.

சனிக்கிழமை: உள்ளே என்ன இருக்கிறது

தூசி தட்டும் சாக்கில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரிய 24 பின் கேபிள் போர்டுக்கு, மேல் மூலையில் 8 பின் கேபிள் பிராசசருக்கு. ரேம் இரண்டும் சாக்கெட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். இதெல்லாம் முன்பே தெரிந்ததுதான். நான் தேடியது பயாஸ் சிப்பை. கீழ்ப்பக்கம், விரல் நகத்தில் பாதிகூட இல்லாத, எட்டுக் கால் கொண்ட கறுப்புச் சில்லு. டார்ச் அடித்துப் பார்த்தால் 25க்யூ128 என்று எழுத்து. 128 மெகாபிட், அதாவது 16 எம்பி. போனில் எடுக்கும் சில போட்டோக்களுக்குக்கூட அந்த இடம் போதாது.

இந்த 16 எம்பிக்குப் பின்னால் ஒரு ரகளையே நடந்திருக்கிறது. பி450 உள்ளிட்ட 400 வரிசை போர்டுகளில் அடுத்து வரும் புதுப் பிராசசர் ஓடாது என்று 2020 மே மாதம் ஏஎம்டி முதலில் சொன்னது. சிப்பில் இடம் போதாது என்பதும் ஒரு காரணம். பயனர்கள் கொதித்தார்கள், அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. இடத்துக்கு என்ன செய்தார்கள்? சில போர்டுகளில் ரைசனுக்கு முந்தைய ஏ வரிசைப் பிராசசர்களுக்கான பகுதியை எடுத்துவிட்டார்கள். படங்களோடு பளபளவென்று இருந்த மெனுவை எளிய மெனுவாகக் குறைத்தவர்களும் உண்டு. ஆக, பயாஸ் அப்டேட் என்றால் எல்லாம் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க முடியாது. சில சமயம் புது ஆள் உள்ளே வர, பழைய ஆள் வெளியே போகிறான்.

பக்கத்திலேயே சிஆர்2032 பேட்டரி. அதைக் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய பதிப்புக்குப் போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போகாது. கடிகாரமும் நாம் மாற்றிய செட்டிங்குகளும்தான் அழியும். பயாஸ் இருப்பது ஃபிளாஷ் சிப்பில், அதற்கு பேட்டரி தேவையில்லை.

ஞாயிறு காலை: அப்டேட்

விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் இப்போதைய பயாஸ் பதிப்பும் தேதியும் தெரியும். போர்டின் முழுப் பெயரையும் மூலையில் அச்சிட்டிருந்த ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் பிராசசர் பட்டியலைப் பார்த்தேன். 5600க்கு நேராக எந்தப் பதிப்பு முதல் சரி என்று இருந்தது. கூடவே ஒரு குறிப்பு: மிகப் பழைய பதிப்பில் இருப்பவர்கள் இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். நான் அந்த ரகம். அதனால் இரண்டு ஃபைல்கள்.

பென் டிரைவ் ஃபேட்32 என்ற ஃபைல் முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். 32 ஜிபிக்கு மேல் போனால் விண்டோஸின் ஃபார்மட் ஜன்னல் ஃபேட்32 காட்டாது, அதனால் மேசை டிராயரில் கிடந்த 8 ஜிபிக்கு வேலை வந்தது. பயாஸுக்குள் இருந்த எல்லாத் திரைகளையும் போனில் போட்டோ எடுத்தேன், அப்டேட் ஆனதும் செட்டிங் அத்தனையும் துடைத்துவிடும் என்பதால்.

அப்புறம் மின்சாரம். பாதியில் கரண்ட் போனால் சிப்பில் பாதி எழுத்தோடு போர்டு படுத்துவிடும். எங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இல்லாத நாளாகப் பார்த்து, யுபிஎஸ்ஸிலும் செருகித்தான் தொடங்கினேன். அழித்தல், எழுதுதல், சரிபார்த்தல் என்று கோடு நகர்ந்தது. தானாக ரீஸ்டார்ட் ஆகிப் புது எண் வந்தது. இரண்டாவது ஃபைலும் அப்படியே.

மதியம்: பிராசசர்

உண்மையில் பயமாக இருந்தது இந்தக் கட்டம்தான். ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. நெம்புகோலைப் பூட்டியிருந்தாலும் சாக்கெட்டின் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்க, கூலரை நேராக இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின் வளையும். அதனால் கொஞ்ச நேரம் ஒரு கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, திருகுகளைக் குறுக்குவாட்டில் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். சற்று வழுக்கியது தெரிந்ததும்தான் மேலே தூக்கினேன். ஜாடி மூடி திறப்பதுபோலத்தான்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பழைய பேஸ்ட்டைத் துடைத்தேன். பிராசசரின் மூலையில் தங்கநிற முக்கோணம், சாக்கெட்டிலும் அதற்கு ஜோடி. பொருத்தி விட்டால் தன் எடையிலேயே இறங்குகிறது. அழுத்தவே வேண்டாம்.

பவர் போட்டால் சிறிது நேரம் வெறுந்திரை. ரேமை எடைபோட்டுக்கொள்ளும் நேரம் அது என்று தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் எஃப்டிபிஎம் (பிராசசரோடு வரும், ரகசியச் சாவிகளைக் காக்கும் பகுதி) மாறிவிட்டது, ஒய் (Y) அழுத்தவா, என் (N) அழுத்தவா என்றொரு கேள்வி. டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும்: மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் விண்டோஸ் திறக்காது. நான் அதைப் போடவே இல்லை, ஒய் அழுத்திவிட்டேன்.

உள்ளே போனதும் 5600 என்று காட்டியது. ரேம் மட்டும் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை மறுபடி இயக்கியதும் 3200. ஃபேன் வேகத்தைப் போட்டோ பார்த்துத் திரும்பப் போட்டேன். பழைய 2600 பிளாஸ்டிக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. அக்கா பையனின் கணினியில் இருப்பதும் ஏஎம்4தான், ரைசன் 3 1200. அந்த போர்டின் பயாஸ் பதிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.