பிடிப்பதற்கு முன் எழுதுங்கள்

சைபர் குற்றத்தையும் தொழில்நுட்பத்தின் துணையோடு நடக்கும் ஆள்கடத்தலையும் எதிர்கொள்ளப் பயிற்சி தருகிறேன். வரும் மாணவர்களில் பெரும்பாலோர் யாரையாவது பிடித்துவிட வேண்டும் என்ற வேகத்தோடுதான் உள்ளே நுழைகிறார்கள். அந்த வேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அது இல்லாதவர்கள் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் என் வேலையில் பாதி அந்த வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதிலேயே கழிகிறது.

முதல் நாள் எல்லோரும் கேட்பது மென்பொருளைப் பற்றி. நான் கொடுப்பதோ ஆள்கடத்தலைத் தடுக்க ஐ.நா. ஏற்ற 2000ஆம் ஆண்டின் பலேர்மோ நெறிமுறையில் உள்ள ஒரு பத்தி. ஆள்கடத்தலை அது மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது. ஒருவரைச் சேர்ப்பது, கொண்டுபோவது, ஒளித்து வைப்பது போன்ற செயல். மிரட்டல், ஏமாற்று, ஒருவரது இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது போன்ற வழி. சுரண்டல் என்ற நோக்கம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் இரண்டாவது கூறான வழியை நிரூபிக்கவே தேவையில்லை. படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. பிறகு, "அவரேதானே விரும்பி விண்ணப்பித்தார்?" என்ற கேள்வி வரும். ஒவ்வோர் அணியிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். ஏமாற்றிப் பெற்ற சம்மதம் கணக்கில் வராது என்று நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. அந்த வரியைக் காட்டினால் தலையாட்டுவார்கள். ஆனால் உண்மையில் புரிவது ஒரு பயிற்சிக்குப் பிறகுதான்.

வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுவேன். ஒரு பக்கத்தாருக்கு, கிரிப்டோ முதலீடு என்ற பெயரில் சேமிப்பை இழந்த ஒருவரின் உரையாடல் பதிவு. மறுபக்கத்தாருக்கு, வெளிநாட்டு வேலை விளம்பரம் ஒன்றும், அதை நம்பிப் போன மகனிடமிருந்து தகவல் இல்லை என்று ஒரு குடும்பம் கொடுத்த புகாரும். எல்லாம் நானே தயாரித்த மாதிரிகள். இரண்டும் ஒரே கதையின் இரு முனைகள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

மோசடியை ஆராயும் அணி உற்சாகமாகக் குற்றவாளியின் சித்திரத்தை வரையத் தொடங்கும். பதில் வரும் நேரங்களை வைத்து வேலை முறையைக் கணிப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களைப் பார்த்து, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார் என்பார்கள். மற்ற அணி காணாமல்போன இளைஞனைத் தேடும்: ஆங்கிலம் சரளம், கணினித் தேர்ச்சி, பட்டதாரி, சுற்றுலா விசாவில் போனவர், போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டதாகக் கடைசிச் செய்தி. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைக்கும்போது ஒரே டெலிகிராம் கணக்கு இரண்டிலும் வருகிறது. குற்றவாளி என்று ஒரு மேசையில் எழுதப்பட்டவர்தான் அடுத்த மேசையில் பாதிக்கப்பட்டவர்.

இது கற்பனையான திருப்பம் அல்ல. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிக்கையில், மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடி செய்யுமாறு கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு இருக்கிறது. தாய்லாந்தின் மே சோட் நகருக்கு எதிரே, மோய் ஆற்றின் மறுகரையில் இருக்கும் மியான்மரின் மியாவடி இதற்குப் பேர்போன இடம். தகவல் தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்களைக் குறிவைக்கும் போலி வேலைகளைப் பற்றி இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. சிக்கியவர்களில் பலர் நன்கு படித்தவர்கள், பல மொழி அறிந்தவர்கள், கணினி தெரிந்தவர்கள் என்று ஐ.நா. அறிக்கை சொல்லும் இடத்தை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்வேன். படிக்கும் மாணவருக்கே அந்த விவரிப்பு பொருந்தும். ஏமாறுபவர்கள் படிக்காதவர்கள் என்ற எண்ணம் அத்தோடு போய்விடும். அது போகாமல் இந்தத் துறையில் யாரும் உருப்படியாக வேலை செய்ய முடியாது என்பது என் கருத்து.

அந்தப் பயிற்சியில் ஒருமுறை ஒரு மாணவி எழுப்பிய எதிர்ப்பு நியாயமானது. "சேமிப்பை இழந்தவரிடம் போய், உங்களை ஏமாற்றியவரும் பாவம் என்று சொல்லச் சொல்கிறீர்களா?" என்றாள். சொல்லச் சொல்லவில்லை. பணம் போனது போனதுதான், புகார் புகார்தான். இணைய மோசடி நடத்தப்படும் வளாகங்களில் இருக்கும் எல்லோரும் அடைத்து வைக்கப்பட்டவர்களும் அல்லர், விரும்பிச் சேர்ந்தவர்களும் உண்டு. கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்காகக் கடத்தப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்ற கோட்பாடு இருக்கிறது. அது யாருக்குப் பொருந்தும் என்பதை விசாரணை முடிவு செய்யட்டும். நம் அறிக்கை அந்த முடிவை முன்கூட்டியே எடுத்துவிடக் கூடாது. கணக்கை இயக்குபவர் இதைச் செய்தார், இந்த நேரத்தில் செய்தார், இங்கே அது தெரிகிறது என்ற அளவில் நின்றால் போதும். அவள் முழுமையாக ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன்.

சாட்சியம் திரட்டும் வகுப்பு இதைவிட வறட்சியானது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மாணவர்களின் முதல் அனிச்சைச் செயல் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. எடுக்கட்டும், ஆனால் அது மூலக் கோப்பு அல்ல. ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் அது சுருக்கப்படும்; எடுத்த நேரம், இடம், கேமரா பற்றிய விவரங்கள் கழன்றுவிடும். அதே படத்தை ஆவணமாக அனுப்பச் சொன்னால் அவை பெரும்பாலும் தங்கும். புகார்தாரரிடம் சரியான நேரத்தில் இந்த ஒரு வேண்டுகோளை வைக்கத் தெரிந்த மாணவர், விலை உயர்ந்த மென்பொருளோடு வருபவரைவிடப் பயன்படுவார். கோப்பு கைக்கு வந்ததும் அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டு, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். பின்னாளில் ஒரு பிட் மாறியிருந்தாலும் எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் கிடைக்கும் ஹாஷ் மதிப்பு அடியோடு மாறிவிடும். அப்படியானால் அளவு மாற்றப்பட்ட படத்தை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. 2009இல் மைக்ரோசாஃப்டும் டார்ட்மத் கல்லூரியின் ஹனி ஃபரீதும் உருவாக்கிய போட்டோடிஎன்ஏ என்ற தொழில்நுட்பம், படத்தின் தோற்றத்திலிருந்தே ஒரு கையொப்பத்தை எடுப்பதால், சிறிய மாற்றங்களைத் தாண்டியும் பொருந்துகிறது.

இங்கே தளர்வே இல்லாத ஒரு விதி உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படம் என்று சந்தேகம் வந்தால், சாட்சியத்துக்காகக்கூட அதைச் சேமிக்கக் கூடாது, நகலெடுக்கக் கூடாது, எனக்கு அனுப்பவும் கூடாது. பல நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம். முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உரிய புகார் அமைப்பிடம் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். நல்லெண்ணம் இதில் யாரையும் காப்பாற்றாது.

கணிப்பொறி மாணவர்கள் சில நாட்களிலேயே போலி வேலை விளம்பரங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதிவிடுவார்கள். அனுபவம் தேவையில்லை, அதிகச் சம்பளம், விமானச் சீட்டு இலவசம், நேர்காணல் அரட்டையில் மட்டும். இந்த அறிகுறிகள் இருந்தால் விளம்பரம் போலி என்று அது சொல்லும். அப்போது பலகையில் ஒரு கணக்குப் போடுவேன். ஒரு லட்சம் விளம்பரங்களில் 100 போலி என்று வைத்துக்கொள்வோம். நிரல் அவற்றில் 95ஐப் பிடிக்கிறது. நல்லவற்றில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாகக் குறிக்கிறது. கேட்க அருமையான நிரல். ஆனால் தவறாகக் குறிக்கப்பட்டவை 999. மொத்தம் 1,094 எச்சரிக்கைகளில் உண்மையானவை நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. மீதியெல்லாம் பிழைப்புக்காக ஆள் தேடும் சாதாரண முதலாளிகளும் முகவர்களும். அவர்கள் பெயரை அப்படியே காவல் துறைக்கு அனுப்பலாமா? நிரலைத் தூக்கிப் போடச் சொல்வதில்லை. அது எதை முதலில் படிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தரட்டும். தீர்ப்பு எழுதும் வேலை அதற்கு வேண்டாம்.

மாணவர்கள் மிகவும் சிரமப்படுவது ஒரே இடத்தில்: போலிக் கணக்கைத் திறந்து ஆள்சேர்ப்பவரோடு பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லும்போது. தொலைக்காட்சித் தொடர்களில் நாயகர்கள் அதைத்தானே செய்கிறார்கள்! உண்மையில், சந்தேகம் தட்டிய மறுநொடி குழு கலைக்கப்படும், கணக்கு அழிக்கப்படும், விசாரணை அதிகாரி மாதக்கணக்காகப் பின்தொடர்ந்த தடம் அறுந்துபோகும். உள்ளே இருப்பவரிடமிருந்து ரகசியமாகத் தகவல் வந்திருந்தால் அடி அவருக்கு விழும். என் சக பயிற்சியாளர் ஒருவர், கட்டுப்பாடான சூழலில் இதையும் கற்றுத்தர வேண்டும், இல்லாவிட்டால் அவர்களாகவே செய்து பார்ப்பார்கள் என்கிறார். அவர் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனாலும் அது சட்ட அதிகாரமும் மேற்பார்வையும் உள்ளவர்களின் வேலை என்பதில் நான் மாறவில்லை.

ஒதுங்கி நின்றும் உதவலாம் என்பதற்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் ஒத்துழைப்பு அமைப்பான யூரோபோல் 2017இல் தொடங்கிய ஒரு திட்டத்தைக் காட்டுவேன். வன்கொடுமைப் படங்களிலிருந்து ஆளை நீக்கிவிட்டு, பின்னணியில் இருக்கும் ஒரு பை, ஒரு துணி, ஒரு பொட்டலம் ஆகியவற்றை மட்டும் வெளியிட்டு, இது எந்த ஊர்ப் பொருள் என்று பொதுமக்களைக் கேட்கிறார்கள். துணியின் அச்சைப் பார்த்தே சொல்லிவிடும் கூர்மையான கண்கள் மாணவர்களிடம் இருக்கின்றன. கொடூரத்தைப் பார்க்காமலே அந்தக் கண்களைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு இது. பார்த்தே தீர வேண்டிய வேலைக்குப் போகப்போகிறவர்களுக்கு, ஒலியை நிறுத்துவது, படத்தைச் சிறிதாக்குவது, வண்ணத்தை நீக்குவது போன்ற தற்காப்புகளை முன்பே பழக்கிவிடுகிறேன். இரவில் தனியாக இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்து.

இறுதித் தேர்வில் இப்போது கருவிகளைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. ஒருவர் எழுதிய குறிப்பை, அந்த வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத இன்னொருவரிடம் கொடுக்கிறோம். எழுதியவரிடம் எதையும் கேட்காமல் அவர் அதே பக்கத்தை, அதே கோப்பை, அதே நேரத்தைச் சென்றடைய வேண்டும். கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்தும் சொல்ல வேண்டும். அவரால் முடிந்தால்தான் எழுதியவருக்கு மதிப்பெண். வேகமாகக் கண்டுபிடித்த மாணவர்கள் இதில் தோற்பதும், பின்வரிசையில் பேசாமல் இருந்தவர்கள் முந்துவதும் வழக்கமாகிவிட்டது. அடுத்த அணிக்கு இந்தத் தேர்வை முதல் வாரத்திலும் ஒருமுறை வைக்கப் போகிறோம். என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.