ஆறு வேகன், ஒரு டப்பா வெந்தயம்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

பார்சல் வந்துவிட்டது. செருப்பு டப்பா அளவு பெட்டிக்குள் ஆறு பைகள். ஒவ்வொன்றிலும் ரெசினில் வார்த்த சாம்பல் நிறத் துண்டுகள் நான்கைந்து, வெள்ளை உலோகத்தில் சக்கர அச்சுப்பெட்டிகள், மங்கலாக அச்சடித்த ஒரு குறிப்புத் தாள். இதிலிருந்து ஆறு குட்டி பீட் வேகன், அதாவது சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய ரயில் பெட்டியின் மாதிரிகள், வந்தாக வேண்டும்.

நைட் டியூட்டி முடித்து வந்தவள் தூங்காமல் பெட்டியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து இவர், "மொதல்ல தூங்கு, ரயில் எங்கயும் போயிடாது" என்றார். அந்த ரயில் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அதனால்தானே செய்கிறேன்!

தெரியாதவர்களுக்கு: சர்க்கரை எடுக்கிற வெள்ளை பீட், நம் சமையல் பீட்ரூட்டுக்குத் தாயாதி. அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை, இங்கே அயர்லாந்தில், வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்து வெலிங்டன்பிரிட்ஜ் ஸ்டேஷனில் அதை ஏற்றி, எங்கள் வாட்டர்ஃபோர்டு, லிமெரிக் ஜங்ஷன் வழியாக மாலோ ஆலைக்கு ரயிலில் கொண்டுபோவார்கள். 2006இல் ஆலையை மூடினார்கள், பீட் ரயிலும் நின்றது. 2010 செப்டம்பரில் அந்தப் பாதையில் பயணிகள் ரயிலும் நின்றுபோனது. நாங்கள் இந்த ஊருக்கு வந்தது அதற்கெல்லாம் அப்புறம். பீட் ரயிலை நான் படத்தில் பார்த்ததோடு சரி.

எஞ்சினை விட்டுவிட்டு வேகனில் ஏன் விழுந்தேன் என்றால், அந்த வேகனின் கோலம் அப்படி. பழைய நெளிதகட்டு வேகன் ஒன்றின் தலைமேல் இன்னொரு வேகனின் உடம்பைத் தூக்கி வைத்து, டிபன் கேரியர் மாதிரி இரண்டடுக்கு ஆக்கியிருக்கிறார்கள். 1980களில் செய்த வேலை. புதிதாக வாங்கக் காசில்லாத வீட்டில் நடக்கும் சாமர்த்தியம். எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

அக்டோபர் 9, புதன்

துண்டுகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்கு ஒரு எண்ணெய்ப் பசை போட்டிருப்பார்கள், அது போகாவிட்டால் பெயிண்ட் நிற்காது. பிறகு உப்புத்தாள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, நனைத்த உப்புத்தாளில்தான் தேய்க்கிறேன். நெளிவுகளுக்கு நடுவே குண்டூசித் தலை அளவில் இரண்டு காற்றுக் குமிழ் ஓட்டைகள் இருந்தன. புட்டி வைத்து அடைத்தாயிற்று.

அக்டோபர் 13, ஞாயிறு

சக்கரம் மாட்டும் நாள். என் தீராத மனக்குறையையும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

அயர்லாந்து தண்டவாளத்தின் அகலம் 5 அடி 3 அங்குலம், 1600 மில்லிமீட்டர். ஆரம்ப காலத்தில் ஆளுக்கொரு அகலத்தில் போட்டார்கள். டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுனுக்கு 1834இல் ஓடியது 4 அடி 8½ அங்குலம், வடக்கே அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலம், டிராஹடாவுக்குப் போட்டது 5 அடி 2 அங்குலம். பஞ்சாயத்துக்கு ஒரு ராணுவ அதிகாரியை உட்காரவைத்து, யாருக்கும் முழுசாகப் பொருந்தாத ஒரு சராசரியைப் பிடித்து, 1846இல் சட்டமாக்கினார்கள். நம் ஊர் அகல ரயில் பாதை 5 அடி 6 அங்குலம். மூன்றே அங்குலம்தான் வித்தியாசம். வாட்டர்ஃபோர்டு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் முதல் தடவை நின்றபோது தண்டவாளம் கண்ணுக்குப் பழகினதாகத் தெரிந்தது அதனால்தானோ என்னவோ.

நான் செய்யும் அளவில் நிஜத்தின் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் அயர்லாந்துப் பாதை சரியாக 21 மில்லிமீட்டர் வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. அதாவது நிஜத்தில் 4 அடி 1½ அங்குலம், பதின்மூன்றரை அங்குலம் பற்றாக்குறை. ரெடிமேடாக வரும் அயர்லாந்து எஞ்சின்கள்கூட இதே 16.5இல்தான் நிற்கின்றன. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. முன்னால் குனிந்து பார்த்தால் தடித்த ஆள் ஒட்டிய கால்களோடு நிற்பது போல இருக்கும்.

21இல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்டவாளத்தைக் கையாலேயே கட்டுவார்கள், எஞ்சினின் சக்கர அச்சுகளை மாற்றுவார்கள். எனக்கு வாரத்துக்கு இரண்டு நாள் லீவு, ஒரு பையன். 16.5 போதும். யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

பன்னிரண்டு அச்சுகளும் மாட்டியாகிவிட்டது. எல்லாம் தாராளமாகச் சுற்றுகின்றன, ஒன்று மட்டும் நொண்டுகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

பிரைமர் காய்ந்தது. இன்று நிறம்.

இந்த ஊர் சரக்கு வேகன்கள் முதலில் சாம்பல் நிறத்தில் இருந்து, பிறகு செம்பழுப்புக்கு மாறின. பீட் வேகன் இரண்டாவது ரகம். செம்பழுப்பு என்றால் எது? நான்கு படங்களில் நான்கு நிறம். ஒன்றில் செங்கல், ஒன்றில் காவி, ஒன்றில் காய்ந்த மருதாணி, மழையில் எடுத்த நான்காவதில் கிட்டத்தட்டக் கறுப்பு. கடைசியில் இரண்டு டப்பாக்களைக் கலந்தேன். வேலையில் தினமும் பிடிப்பதால் சிரிஞ்சில் அளப்பது எனக்குக் கைவந்தது: மூன்று மில்லி பெயிண்ட், இரண்டு மில்லி தின்னர், ஒரு சொட்டு கறுப்பு. பால் பதத்துக்கு வந்தால் ஏர்பிரஷில் ஊற்றலாம். கெட்டியாக இருந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும். நீர்த்துவிட்டால் நெளிவின் பள்ளத்தில் கோலப்பொடி கரைந்த மாதிரி தேங்கும்.

நெளிதகட்டுக்கு நேராக அடித்தால் மேடு மட்டும் நிறம் பிடிக்கும். இடப்பக்கம் சாய்த்து ஒரு தடவை, வலப்பக்கம் சாய்த்து ஒரு தடவை, காயவிட்டு மறுபடி. ஆறு வேகனுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம். பையன் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே கலர்ல இருக்கே, ஆரஞ்சு எதும்மா?" என்றான். ஆரஞ்சு எஞ்சினுக்குடா. அலமாரியில் இருக்கிறது, 141 வகை. 1962இல் அமெரிக்காவிலிருந்து வந்த 37 எஞ்சின்களில் ஒன்றின் மாதிரி. பீட் ரயிலை இவை இரண்டிரண்டாகச் சேர்ந்து இழுத்திருக்கின்றன. என்னிடம் இப்போதைக்கு ஒன்றுதான்.

அக்டோபர் 27, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய நாள். மிச்சமான அந்த ஒரு மணி நேரத்தில் மூவரும் கிளம்பினோம். பேசேஜ் ஈஸ்டில் காரோடு படகேறினால் சில நிமிஷத்தில் வெக்ஸ்ஃபோர்டு கரை. ஆற்றில் கொஞ்சம் மேலே, பீட் ரயில் போன பாரோ ஆற்றுப் பாலம். 1906இல் திறந்தது, 650 மீட்டர் நீளம், கப்பலுக்கு வழிவிடத் திரும்பும் கண் ஒன்று உண்டு. என் அளவில் கட்டினால் எட்டரை மீட்டர் வரும். எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுச் சமையலறையில் போய் முடியும்.

வெலிங்டன்பிரிட்ஜில் பிளாட்பாரம் இருக்கிறது, தண்டவாளத்தின் மேல் முள்செடி. கால் மணி நேரம் நின்றோம். ஒரு தூண், ஒரு கம்பிவேலி, சுவரின் ஒரு மூலை என்று படம் எடுத்துக்கொண்டேன். இவர் குடையைப் பிடித்தபடி பொறுமையாகவே இருந்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

கெட்டது காரியம்.

எழுத்து, எண் எல்லாம் ஒட்டி முடித்து, அதைக் காப்பாற்ற மேலே மேட் வார்னிஷ் அடித்தேன். கராஜில், ராத்திரி பத்து மணிக்கு, வெளியே தூறல். காலையில் பார்த்தால் ஆறும் வெள்ளை பூத்து, விபூதி பூசிய மாதிரி நிற்கின்றன. ஈரக் காற்றில் வார்னிஷ் அடிக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. இந்த நாட்டில் நவம்பரில் ஈரமில்லாத காற்றுக்கு எங்கே போவது?

அதையும் இதையும் படித்து, ஹீட்டர் பக்கத்தில் வைத்து நன்றாக உலர்த்தி, மேலே மெல்லிசாகப் பளபள வார்னிஷ் அடித்துப் பார்த்தேன். ஐந்து தெளிந்தன. ஆறாவதில் மூலைகளில் வெள்ளை தங்கிவிட்டது. அதைப் பழகுவதற்கென்று ஒதுக்கிவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

டப்ளினில் ஒரு வேலை. திரும்பும் முன் மாலஹைடில் மாதிரி ரயில் மியூசியம் பார்த்தோம். இஞ்சிகோர் ரயில் பணிமனையில் வேலை பார்த்த சிரில் ஃப்ரை என்பவர் வாழ்நாள் முழுக்கச் செய்தவை. என் அளவைவிடப் பெரியவை. பகலெல்லாம் நிஜ ரயில், வீட்டுக்கு வந்தால் குட்டி ரயில். அந்த வீட்டம்மாவை நினைத்துக்கொண்டேன். பையன் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திய தடம் இன்னும் அங்கே இருக்கும்.

நவம்பர் 24, ஞாயிறு

தெருக்கோடி வீட்டுத் தாத்தா வந்தார். எழுபத்தெட்டு வயது. எங்கள் வேலியைத் தாண்டும் அவருடைய நாயைப் பிடிக்க வருவார், டீ குடித்துவிட்டுப் போவார். மேஜையில் இருந்ததைப் பார்த்தவர் நாயை மறந்துவிட்டார். வெக்ஸ்ஃபோர்டு பக்கம் விவசாயம் செய்தவராம். டிராக்டரில் பீட் கொண்டுபோய் அந்த ஸ்டேஷனில் கொட்டியிருக்கிறாராம்! நான்கு வருஷமாகத் தெரிந்தவர், இதை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் அழுக்கேற்றி முடித்திருந்த இரண்டு வேகன்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். "சகதி தப்பான இடத்துல இருக்கு" என்றார்.

வீடியோ பார்த்துக் கற்ற பாடம் எனக்கு: தண்டவாளத்திலிருந்து தெறிக்கும் அழுக்கு கீழிருந்து மேலே ஏறும், ஆகவே அடியில் அடர்த்தி, மேலே போகப்போக மெல்லிசு. அது பிரிட்டனின் நிலக்கரி வேகனுக்குச் சொன்ன பாடம். பீட்டை மண்ணோடு பிடுங்கி, லோடர் பக்கெட்டால் மேலேயிருந்து கொட்டுவார்களாம். சேறு விளிம்பிலிருந்து கீழே வழியும். நெளிவுகளில் வாய்க்கால் மாதிரி இறங்கி, இரண்டு பெட்டிகளும் சேரும் இடுப்பில் தங்கிக் காயும். பக்கெட் இடித்து இடித்து மேல் விளிம்பில் பெயிண்டே இருக்காது, வெறும் இரும்பு. உள்பக்கம் கிழங்கு உரசிப் பளபளப்பாக இருக்கும், ஒரு வாரம் சும்மா நின்றால் அங்கே ஆரஞ்சாகத் துரு பூக்கும்.

"அப்ப பெயிண்ட் என்ன நிறம்?" என்று கேட்டேன். யோசித்தார். பெயிண்ட்டை யார் பார்த்தா, மழையில நின்னுக்கிட்டு எப்ப வீட்டுக்குப் போகலாம்னுதான் பார்த்தோம் என்றார்.

நான்கு படம் வைத்து நிறம் கலந்திருக்கிறேன் நான்.

நவம்பர் 30, சனி

ஒதுக்கிவைத்த ஆறாவது வேகனில் ஒத்திகை. தாத்தா ஒரு ஜாம் பாட்டிலில் மண் கொண்டுவந்து கொடுத்தார், இன்னமும் அவர் தம்பி உழும் வயலிலிருந்து. ஓவனில் உலர்த்தி, அம்மியில் நுணுக்கி, டீ வடிகட்டியில் ஒன்று, பழைய துப்பட்டாவில் ஒன்று என இரண்டு முறை சலித்தேன். மாவாக வந்தது. தண்ணீரில் ஒரு சொட்டு பசை விட்டுக் கரைத்து, மெல்லிய பிரஷால் விளிம்பில் தொட்டால் போதும், நெளிவு வழியே தானே இறங்குகிறது. எங்கே போகவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கடையில் வாங்கிய மூன்று டப்பா அழுக்குப் பொடியை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். அழுக்கைக் காசு கொடுத்து வாங்கினதை அம்மாவிடம் சொல்லவே இல்லை.

மேல் விளிம்பில் ஸ்பாஞ்சால் ஒற்றி வெள்ளி கலந்த கறுப்பு. உள்ளே நல்ல ஆரஞ்சுத் துரு.

டிசம்பர் 7, சனி

ராத்திரி டாரா புயல். கரண்ட் போய் ஏர்பிரஷ் கம்ப்ரசர் செத்துக் கிடக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சரக்கு ஏற்றினேன்.

பீட் எதில் செய்வது என்று பெரிய ஆராய்ச்சியே நடந்தது. கடுகு ரொம்ப உருண்டை. கொத்தமல்லி விதை இந்த அளவுக்குப் பூசணிக்காய். கசகசா மணல். வெந்தயத்தைக் கையில் எடுத்ததும் முடிந்தது விஷயம்: கோணல்மாணல், ஒரு பக்கம் கூம்பல், மங்கின மஞ்சள். பெரிதாக இருப்பதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, கொஞ்சத்தை உரலில் ஒரு தட்டுத் தட்டி உடைத்துக் கலந்தேன். வேகனுக்குள் அட்டை வைத்து உயர்த்தி, பசை தடவி, மேலே ஒரு அடுக்கு வெந்தயம், அதன்மேல் வயல் மண். வீடு முழுக்க வெந்தய வாசனை. நாளைக் காலை தோசைக்கு ஊறப்போட மிச்சமில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

ஆறும் தயார். மேஜையில் இரண்டு மீட்டர் தண்டவாளம் போட்டு, 141ஐ முன்னால் கோத்து, தாத்தாவைக் கூப்பிட்டேன். நொண்டி அச்சை மாற்றியிருந்தேன், தடையில்லாமல் ஓடியது. அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு வேகனை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "சாம்பார் வாசனை வருது" என்றார். எங்கள் வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறார், பழக்கம்.

பிறகு மேஜைக்கு நேராகக் குனிந்தார். ஸ்டேஷனில் ரயில் வருவதை எட்டிப் பார்க்கிற மாதிரி, தண்டவாளத்தின் மட்டத்துக்குத் தலையைக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம்.

"சக்கரம் ஏம்மா இவ்ளோ கிட்டக் கிட்ட இருக்கு?"

நான் கதையெல்லாம் சொன்னேன்: நாலு மில்லிமீட்டர், கடைத் தண்டவாளம், எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். கேட்டுக்கொண்டார். "ஓ, சரி சரி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனார்.

இப்போது மணி பதினொன்று. ஸ்கேலை எடுத்து 21 மில்லிமீட்டரில் இரண்டு கோடு போட்டு, அதன்மேல் ஒரு வேகனை வைத்துப் பார்த்தேன். தாமிரத் தகடு ஒட்டிய சிலிப்பர் கட்டைகள் நூறு, தண்டவாளக் கம்பி பத்து மீட்டர், இருபத்தொன்றுக்கான சக்கர அச்சுகள் பன்னிரண்டு. ஆர்டர் போட்டாயிற்று. சால்டரிங் அயர்ன் வீட்டிலேயே இருக்கிறது. இவரிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், தோசை சாப்பிடும்போது.