நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால்

நல்ல வெளிச்சத்தில் விரல்களை விரித்துப் பாருங்கள். முள், புல் விதை, உண்ணி எல்லாம் அந்த இடுக்கில்தான் ஒளிந்திருக்கும். வெளிர் ரோமம் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தால், பல நாளாக நக்குகிறது என்று அர்த்தம்.

வெதுவெதுப்பான நீரில் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பால் சேர்க்காத லைட் டீ நிறம் வந்தால் போதும். பாதத்தை 3 முதல் 5 நிமிடம் முக்கி வையுங்கள். அதைக் குடிக்க விடாதீர்கள்.

துடைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இடுக்கில் ஈரம் தங்கினால் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகி அரிப்பு கூடிவிடும். தேய்க்காமல், துண்டால் ஒவ்வொரு இடுக்காக ஒற்றி எடுங்கள்.

டீ ட்ரீ எண்ணெய், நமக்கான களிம்பு எதுவும் வேண்டாம். நக்கி விழுங்கிவிடும், பாவம். நொண்டல், வீக்கம், சீழ் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நான்கு பாதமும் அரித்தால் பெரும்பாலும் ஒவ்வாமைதான். கழுவுவது மட்டும் அதற்குப் போதாது.