சீசன் டிக்கெட் எங்களிடம், நாற்காலி வெளியூர்க்காரரிடம்

சீசன் முழுக்க ஒரே நாற்காலிக்கு எடுத்து வைக்கிற சீசன் டிக்கெட், லீக் ஆட்டங்களுக்கு மட்டும்தான். சின்ன கிளப், பெரிய கிளப் எல்லாம் மோதுகிற நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையின் ஆட்டம் சொந்த மைதானத்தில் விழுந்தால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும், வருடக்கணக்கில் உட்கார்ந்த நாற்காலியை உனக்கு விற்க மாட்டேன் என்று சொந்த கிளப்பே சொல்லும் என்பது இந்த முறைதான் உறைத்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்து மாட்டப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது நாலாம் அடுக்கில், அதாவது லீக் டூவில் இருக்கும் சின்ன கிளப். பெயர் வேண்டாம். முதல் இரண்டு சுற்றுகளைத் தாண்டி மூன்றாம் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். மேல் இரண்டு அடுக்குகளான பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் கிளப்புகள் 44-ம் உள்ளே நுழைவது இந்தச் சுற்றில்தான். கீழேயிருந்து தப்பி வந்த 20 கிளப்புகளோடு சேர்த்து மொத்தம் 64. யாரோடு யார் என்று பந்துகளை எடுக்கும் குலுக்கலில் எங்கள் பந்து முதலில் வந்தது, அதனால் ஆட்டம் எங்கள் மைதானத்தில். அடுத்து வந்த பந்து ஒரு பெரிய பிரீமியர் லீக் கிளப். என் மகள் சோபாவில் ஏறிக் குதித்தாள். போதாக்குறைக்கு 2024-25 சீசனிலிருந்து முதல் சுற்று தொடங்கி எங்குமே மறு ஆட்டம் கிடையாது. டிராவானாலும் அன்றைக்கே கூடுதல் நேரம், பெனால்டி என்று முடித்துவிடுவார்கள். ஆக, இந்த ஒரு நாளை விட்டால் போச்சு. ஊரே டிக்கெட் கேட்கும்.

இங்கேதான் விதி வந்து குறுக்கே நிற்கிறது. லீக் ஆட்டம் என்றால் எங்களுடையது போன்ற சின்ன மைதானத்தில் வெளியூர் ரசிகர்களுக்குக் கொள்ளளவில் 10 சதவீதம் ஒதுக்கினால் போதும். எஃப்ஏ கோப்பையில் வருகிற அணி 15 சதவீதம் வரை கேட்கலாம். பெரிய கிளப் கேட்காமல் விடுமா? முழுசாகக் கேட்டது. கோலுக்குப் பின்னாலுள்ள வழக்கமான வெளியூர் ஸ்டாண்ட் அதற்குப் பத்தாது. அதனால் அதை ஒட்டிய பக்கவாட்டு ஸ்டாண்டில் பாதியையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பாதியில்தான் நாங்கள் உட்காருவோம்.

இது கிளப் தனியாக எடுக்கிற முடிவும் இல்லை. எந்த பிளாக்கில் எத்தனை பேர் என்பதை உள்ளூர் கவுன்சில் கொடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் தீர்மானிக்கிறது, 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே சில வரிசைகளைக் காலியாக விட்டு மேலே வலை விரித்து மூட வேண்டும். போலீசும் ஒரு வார்த்தை சொல்லும். 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் ரசிகர்கள் செத்ததற்குப் பிறகு இந்த நாட்டில் கூட்டத்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. இதெல்லாம் எனக்குச் சம்மதம்தான். சொன்ன விதம்தான் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஈமெயில். மேலே முழுக்க வாணவேடிக்கை: மாபெரும் ஆட்டம், மறக்க முடியாத நாள், விருந்தோடு கூடிய பாக்ஸ் டிக்கெட் வேண்டுமா என்று விளம்பரம். கீழே எங்கோ ஒரு வரி: "சில பிளாக்குகளில் உள்ள சீசன் டிக்கெட்தாரர்கள் இந்த ஆட்டத்துக்கு மட்டும் இடம் மாற வேண்டியிருக்கும்." எந்த பிளாக் என்று எழுத்தில் இல்லை. ஒரு வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். போனில் பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் கரைந்துபோகிற அளவுக்குச் சின்னப் படம். கம்ப்யூட்டரில் போட்டு, வாசல் எண்களை வைத்து எண்ணிப் பார்த்துத்தான் சாம்பல் நிறத்தில் இருப்பது எங்கள் பிளாக் என்று தெரிந்தது. மற்ற சீசன் டிக்கெட்காரர்களுக்கு அவரவர் இருக்கையைப் புதன்கிழமை வரை பிடித்து வைத்திருப்பார்களாம். எங்களுக்குப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை, திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்குள் மிச்சத்தில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். கிளப்பிலிருந்து வரும் ஈமெயிலைக் கடைசி வரி வரை படியுங்கள். வரைபடம் இருந்தால் பெரிய திரையில் பாருங்கள்.

திங்கள் காலை இணைய வரிசையில் காத்திருந்து உள்ளே போனது ஒரு தனிக்கதை, அதை விடுங்கள். உள்ளே போன பிறகுதான் கூத்து. எனக்கும் மகளுக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்குமாக மூன்று வேண்டும். ஒரு வரிசையில் நான்கு காலி. மூன்றைத் தொட்டதும் "தனி இருக்கையை விட்டுவைக்க முடியாது" என்று சிவப்பில் ஒரு செய்தி. ஓரத்திலிருந்து எடுத்தாலும் அதே, மறு ஓரத்திலிருந்து எடுத்தாலும் அதே. நாலில் மூன்று போனால் ஒன்றுதானே மிஞ்சும், அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஐந்து காலியாக உள்ள வரிசை ஒன்று அகப்பட்டது. ஆசையாகத் தொட்டுப் பணம் கட்டும் பக்கம் வரை போனால், அங்கே பொடி எழுத்தில் "பார்வை மறைக்கப்படும்" என்று போட்டிருந்தது. பழைய ஸ்டாண்ட், கூரையைத் தாங்குகிற இரும்புத் தூண்கள். அந்த வரிசையில் உட்கார்ந்தால் பக்கத்து கோல் முழுக்கத் தூணுக்குப் பின்னால். மைதானத்தில் தூண் எங்கெங்கே இருக்கிறது என்று லீக் ஆட்டத்துக்குப் போகும்போதே ஒருமுறை சுற்றிப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இருக்கை வரைபடம் அதைக் காட்டாது.

பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், அந்த ஸ்டாண்டின் கூரை மாற்றப்படுவதற்கு முன்பிருந்தே வருகிறவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு போன் செய்து ஈமெயில் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் வரேல்லையே தம்பி. எங்கட இடத்தில இருக்க விடமாட்டினமாமோ?"

எப்படி வரும்? அவர் கணக்கில் இருந்தது பழைய வேலையிடத்து ஈமெயில். ஓய்வு பெற்ற அன்றே அது மூடப்பட்டுவிட்டது. லீக் சீசன் டிக்கெட் பிளாஸ்டிக் அட்டையாக இருப்பதால் இதுவரை அவருக்கு ஈமெயில் தேவைப்படவே இல்லை. கோப்பை ஆட்டத்துக்கு ஸ்மார்ட்போனில் காட்டுகிற டிக்கெட் மட்டும்தான். அவரிடம் இருப்பது பொத்தான் போன்.

ஒருவர் மற்றவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க, இரண்டு கணக்குகளையும் இணைக்க வேண்டும். இணைக்க அவருடைய ரசிகர் எண் வேண்டும், அது அட்டையின் பின்புறம் இருக்கிறது, சரி. ஆனால் இணைப்பதற்கான ஒப்புதல் அவருடைய ஈமெயிலுக்குத்தான் போகும். டிக்கெட் அலுவலகத்தை போனில் பிடித்தேன். தகவல் பாதுகாப்பு விதிப்படி அவரே பேச வேண்டும் என்றார்கள். நியாயம். அண்ணையைப் பேச வைத்தேன். ஈமெயிலை மாற்ற வேண்டுமா, சரி, பழைய ஈமெயிலுக்கு ஓர் இணைப்பு அனுப்புகிறோம், அதைத் தட்டுங்கள் என்றாராம் அந்தப் பையன். பூட்டின பெட்டிக்குள்ளே சாவி. அந்த ஈமெயிலே இப்போது இல்லை என்று அண்ணை பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். "அப்படியானால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று போனை வைத்துவிட்டான்.

சரி, நேரில் போய்விடுவோம் என்று அரை நாள் விடுப்பு போட்டு, அண்ணையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். டிக்கெட் ஜன்னலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: கோப்பை டிக்கெட் இணையத்தில் மட்டும். நான் டிக்கெட் வாங்க வரவில்லை, கணக்கைத் திருத்த வந்திருக்கிறேன் என்றேன். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமலே விரலால் அந்தத் தாளைக் காட்டினார். இன்னொரு தரம் சொன்னேன். இன்னொரு தரம் காட்டினார். அண்ணை என் தோளைத் தட்டி, "விடும் தம்பி, நான் வீட்டில டிவியில பாப்பன்" என்றார். அது வேறு என்னைக் கிளப்பிவிட்டது.

செவ்வாய் மதியம், கெடு முடிய சில மணி நேரம் இருக்கையில் மறுபடி போனோம். இந்த முறை ஜன்னலில் ஓர் அம்மா. பேச்சை மாற்றிக் கேட்டேன். டிக்கெட் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "இவருடைய விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், அடையாள அட்டை இருக்கிறது" என்றேன். அண்ணை சீசன் அட்டையையும் படம் போட்ட முதியோர் பஸ் பாஸையும் ஜன்னலுக்கு அடியில் தள்ளினார். அந்த அம்மா இரண்டையும் ஒத்துப் பார்த்து, என் ஈமெயிலையே அவர் கணக்கில் போடலாமா என்று கேட்டார். ஒரே ஈமெயிலை இரண்டு கணக்கில் போட சிஸ்டம் விடாது என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். என் மனைவியின் ஈமெயிலைக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் இணைத்துவிட்டார். திங்கள்கிழமையிலிருந்து நான் மல்லுக்கட்டிய வேலை!

அதோடு நிற்கவில்லை. "மூன்று சேர்ந்து வேண்டுமா? குழந்தை இருக்கிறதா? ஃபேமிலி ஸ்டாண்டைப் பாருங்களேன்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை, ஏனென்றால் என் திரையில் அந்த ஸ்டாண்ட் முழுக்கப் பூட்டியே இருந்தது. காரணம் என்னவென்றால், எங்கள் கிளப்பில் அங்கே ஒரு குழந்தைக்கு இரண்டு பெரியவர் வரைதான் அனுமதி. குழந்தை டிக்கெட்டை முதலில் கூடையில் போட்டால்தான் பெரியவர் இருக்கை திறக்கும். நான் பெரியவரிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தேன். இதை அந்த இணையப் பக்கத்தில் ஒரு மூலையில்கூட எழுதி வைக்கவில்லை. வீட்டுக்குப் போகும்வரைகூடப் பொறுக்காமல் கார் நிறுத்தத்திலேயே போனை எடுத்து, மகளை முதலில் போட்டேன். கதவு திறந்தது. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு ஓரளவு நேராக, தூண் இல்லாத மூன்று நாற்காலிகள், வரிசையாக. மகளிடம் சொன்னபோது, "அப்போ அப்பா, நான்தான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். உண்மைதான்.

குழந்தை டிக்கெட்டுக்கும் 65 தாண்டியவர் டிக்கெட்டுக்கும் வயதுச் சான்று கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். வாசலில் ஸ்கேன் செய்யும்போது சலுகை டிக்கெட் என்றால் வேறு நிற விளக்கு எரியும். அங்கே நிற்கிற ஸ்டூவர்ட், அதாவது மைதான ஊழியர், அதைப் பார்த்துத்தான் நிறுத்துவார்.

அந்த இரண்டு நாள் அல்லாடலில், வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "மூன்று டிக்கெட் இருக்கிறது, விலை பேசிக்கொள்ளலாம்" என்று போட்டார். சபலம் தட்டியது என்னவோ நிஜம். இங்கே கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், மற்ற விளையாட்டு, கச்சேரி டிக்கெட் போல இல்லை. கிளப் கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்யும், வாங்கியவர் பணத்தையும் விட்டுவிட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். அப்படித்தான் ஒரு குடும்பம் ஆட்டத்தன்று டர்ன்ஸ்டைல் என்கிற சுழல் கம்பி வாசல் அருகே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஸ்டூவர்டும் பாவம், போனையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

டிக்கெட் விலையைப் பற்றியும் நிறையப் பேர் திட்டுகிறார்கள். கோப்பை வசூலில் செலவு போக இரண்டு கிளப்புக்கும் ஆளுக்கு 45 சதவீதம், மிச்சம் 10 பொது நிதிக்கு. அதனால் விலையை வீட்டுக்காரர் மட்டும் இஷ்டப்படி குறைக்க முடியாது, விருந்தாளியும் தலையாட்ட வேண்டும். எங்கள் கிளப்புக்கு இப்படி ஓர் ஆட்டம் பல மாதச் சம்பளத்துக்கு ஆகும் என்பதும் புரிகிறது. ஆனால் சீசன் முழுக்கக் குளிரிலும் மழையிலும் வந்து உட்கார்ந்த ஆட்களை எழுப்பிவிட்டு, அதே விலையைக் கேட்டு, மேற்கொண்டு டிக்கெட்டுக்கு டிக்கெட் பதிவுக் கட்டணமும் போடுவது கொஞ்சம் அதிகம். இடம் மாற்றப்பட்டவர்களுக்காவது அந்தக் கட்டணத்தை விட்டிருக்கலாம்.

ஆட்ட நாள் சுமுகமாகப் போனது. மூன்று டிக்கெட்டையும் முந்தின இரவே போன் வாலெட்டில் இறக்கி வைத்திருந்தேன். மைதானத்தைச் சுற்றி அத்தனை கூட்டம் சேர்ந்ததும் நெட்வொர்க் படுத்துவிட்டது. பக்கத்து வரிசையில் ஈமெயிலைத் திறக்க முடியாமல் பலர் போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே போனில் மூன்று டிக்கெட் என்றால் மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் கடைசியில் போங்கள். நீங்கள் முதலில் உள்ளே போய்விட்டால், பின்னால் இருப்பவருக்காகக் கம்பிக்கு மேலே போனை நீட்ட வேண்டியிருக்கும்.

உட்கார்ந்ததும் அண்ணை எதிர்ப்பக்கத்தைக் கூர்ந்து பார்த்து, எங்கள் வழக்கமான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வலைக்கு இரண்டு வரிசை தள்ளி. அங்கே ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று பாடிக்கொண்டிருந்தார். "உந்த மனுசன் என்ர கதிரையை உடைக்கப் போறான்" என்று அண்ணை ஆட்டம் முழுக்க அவரையே கவனித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு கோல் போட்டபோதுதான் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு அவர்கள் மூன்று போட்டார்கள்.

பதிவுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு மறுநாளே எழுதினேன். பதினான்கு வேலை நாளுக்குள் பதில் வரும் என்று தானியங்கி ஈமெயில் மட்டும் வந்திருக்கிறது. அண்ணை சார்பிலும் கிளப்புக்கு ஒன்று எழுதியிருக்கிறேன், இந்த முறை தபாலில்.