குக்கூ கடிகாரம்: துருத்திகள் தயார், முயல் காது பாக்கி

கடிகாரம் கூவ ஆரம்பித்துவிட்டது. கூவல் ஒலிக்குக் காற்று ஊதும் இரண்டு குட்டித் துருத்திகளுக்கும் புதுத் தோல் ஒட்டி, மெஷினைப் பெட்டிக்குள் மறுபடி பொருத்தி, எடைக்குண்டுகளைத் தொங்கவிட்டேன். அரை மணி ஆனதும் கதவு திறந்து பறவை வெளியே வந்தது. உடைந்துபோன மரச்செதுக்குகளைச் சரிசெய்யும் வேலை இன்னும் இருக்கிறது. அதற்குமுன் இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன், பழைய குக்கூ கடிகாரம் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும்.

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தில் ஒரு பழைய பொருள் சந்தையில் வாங்கியது இது. அங்கே 'யாக்ட்ஷ்டுக்' என்று சொல்லும் வேட்டை மாதிரி. உச்சியில் கிளைத்த கொம்போடு மான் தலை, அதன் கீழே குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கிகள், ஊதுகொம்பு. பக்கத்துக்கு ஒன்றாக, தலைகீழாகத் தொங்கும் ஒரு முயலும் ஒரு ஃபெசன்ட் பறவையும். எண்களும் முட்களும் எலும்பில் செதுக்கியவை. பின்தட்டில் 'ஜெர்மனி' என்ற முத்திரை இல்லை. அமெரிக்காவுக்கு அனுப்பும் சரக்கில் செய்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பது 1891 முதல் கட்டாயமானது. அதனால் அந்த முத்திரை உள்ள கடிகாரம் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது எனலாம். முத்திரை இல்லை என்பதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. உள்ளூரிலேயே விற்ற கடிகாரத்துக்கு அது தேவைப்பட்டிருக்காது. செதுக்கின் பாணியையும் மெஷினையும் பார்த்தால் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி என்பது என் கணிப்பு.

குக்கூ கடிகாரத்தின் வீடு போன்ற இந்த உருவம், ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள பிளாக் ஃபாரஸ்ட் மலைக் குடிசையைப் பார்த்துச் செய்தது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் அது வந்தது ரயில்பாதையிலிருந்து. அந்த மலைப்பகுதியின் ஃபுர்ட்வாங்கன் ஊரில் 1850இல் தொடங்கிய கடிகாரப் பள்ளியின் இயக்குநர் ராபர்ட் கெர்விக், கடிகாரங்களுக்குப் புதிய வடிவம் தேடி அதே ஆண்டு ஒரு போட்டி அறிவித்தார். அந்தப் பகுதியை ஆண்ட பாடன் அரசின் ரயில்வேக்குக் கட்டடங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்த ஃப்ரீட்ரிஷ் ஐசன்லோர், ரயில்பாதைக் காவலாளி வீட்டின் முகப்பை எடுத்து அதில் கடிகார முகத்தைப் பொருத்தி வரைந்து அனுப்பினார். இன்று உலகம் முழுவதும் குக்கூ கடிகாரம் என்றதும் நினைவுக்கு வரும் கூரை அதுதான். அவர் வரைந்ததில் அலங்காரம் குறைவு, கொடியும் இலையும்தான். 1860 வாக்கில் அந்தத் தட்டையான அலங்காரம் புடைத்தெழுந்து மானும் முயலும் ஆனது. ஐசன்பாக் ஊரின் யோஹன் பாப்டிஸ்ட் பேஹா 1862 வாக்கில் எலும்பு முட்களையும், ஊசியிலை மரக் காய் வடிவத்தில் வார்த்த எடைக்குண்டுகளையும் கொண்டுவந்தார். என் கடிகாரத்தில் இரண்டுமே இருக்கின்றன.

கூவும் பறவை அதற்கெல்லாம் மிகவும் முந்தியது. ஷோன்வால்ட் ஊரின் ஃப்ரான்ஸ் அன்டன் கெட்டரர்தான் 1730களில் கண்டுபிடித்தார் என்று அந்தப் பகுதியில் சொல்வார்கள். ஆனால் சாக்சனி ஆட்சியாளரிடம் இருந்த குக்கூ கடிகாரம் ஒன்றைப் பற்றி ஆக்ஸ்பர்க் நகரத்து வணிகர் ஃபிலிப் ஹைன்ஹோஃபர் 1629லேயே எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால், யார் முதலில் என்பதைவிட அந்த மலையூர்க்காரர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம். மரச்சட்டம் அடிக்க ஒருவர், சங்கிலி பின்ன ஒருவர், மணி வார்க்க ஒருவர், முகப்புக்கு வர்ணம் தீட்ட ஒருவர் என்று வேலை பிரிந்திருந்தது. ஒருவர் செய்ததை இன்னொருவர் கழற்றிப் பூட்ட வேண்டியிருந்தது. கடிகாரத்தைத் திறந்து பார்க்கும்போது அது நன்றாகவே தெரிகிறது. எல்லாமே கழற்றுவதற்கு வசதியாகச் செய்யப்பட்டிருக்கிறது. நானும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

சரி, துருத்திக்கு வருகிறேன். பெட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மரக்குழல். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குட்டித் துருத்தி. கூவும் நேரம் வந்ததும் ஒரு சக்கரத்தில் உள்ள ஊசிகள் மூன்று நெம்புகோல்களை வரிசையாகத் தூக்குகின்றன. ஒன்று சுருள் கம்பியில் சுத்தியை அடிக்க, மற்ற இரண்டும் கம்பி வழியே துருத்தி மூடிகளைத் தூக்க. தூக்கிய மூடி தன் கனத்திலேயே கீழே விழும். அப்போது வெளியேறும் காற்றுதான் குழலில் ஒலி எழுப்புகிறது. முதலில் மேல் சுரம், அடுத்து கீழ் சுரம். ஒரு துருத்தியின் மூடியே பறவையின் வாலைத் தட்டிவிடுகிறது, அதனால்தான் கூவும்போது பறவை குனிந்து நிமிர்கிறது.

மணிக்கு மணி எண்ணிக்கைப்படியும், அரை மணிக்கு ஒரு முறையும் என்று 12 மணி நேரத்தில் 90 தடவை கூவ வேண்டும். ஒரு நாளைக்கு 180. ஆண்டுக்கு 65,700. அத்தனை முறையும் அதே மடிப்பில் மடிந்து விரியும் தோல் ஒருநாள் கிழியத்தான் செய்யும். தோல் மாற்ற வேண்டிய பாகம் என்பது செய்தவருக்குத் தெரியும், அதனால் அவர் ஒட்டியது விலங்குப் பசையால். நம் ஊர்த் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொன்ன அதே வகை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்தால் அது இளகிவிடும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு துருத்தி அப்படித்தான் அழகாகப் பிரிந்து வந்தது. இன்னொன்றில் எப்போதோ ஒருவர் கிழிசலின் மேல் துணி டேப்பைச் சுற்றி வெள்ளைப் பசையைப் பூசியிருந்தார். அதை நீரும் வெப்பமும் அசைக்கவில்லை. கத்தி முனையால் பொடிப்பொடியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. பழைய கடிகாரத்தில் வெள்ளைப் பசையைத் தொடாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

புதிதாகப் போட்டது கையுறை தைக்கும் அளவுக்கு மெல்லிய ஆட்டுக்குட்டித் தோல். பழைய தோலைத் தாளில் விரித்து அச்சு எடுத்து, முதலில் காகிதத்தில் வெட்டி மடித்துப் பார்த்து, அப்புறம் தோலில் வெட்டினேன். பசை மணிகளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீராவிச் சூட்டில் 60 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். கொதித்தால் பிடிமானம் போய்விடும். பக்கவாட்டு மடிப்புகள் உள்நோக்கி விழும்படி விரலால் நீவிவிட்டுக் காயவைத்தேன். சோதிப்பது எளிது. மூடியைத் தூக்கி, காற்று போகும் துளையைக் கட்டைவிரலால் அடைத்து, மூடியை விட்டுவிடுங்கள். அப்படியே நின்றால் அல்லது மிக மெதுவாக இறங்கினால் ஒழுக்கு இல்லை.

குழல்களை நான் தொடவில்லை. ஒலி எழும் வாய்ப்பகுதியில் ஒட்டியிருந்த தூசியை மென்மையான தூரிகையால் துடைத்ததோடு சரி. சுருதிச் செயலியை ஓடவிட்டுக் கேட்டேன். கீழ்க்குழலை ஷட்ஜமாக வைத்தால் மேல்குழல் சாதாரண காந்தாரத்தில் நிற்கிறது. வசந்தகாலத் தொடக்கத்தில் ஐரோப்பியக் குக்கூ கூவும் இடைவெளியும் ஏறக்குறைய இதுதான். கம்பிகளை இம்மி இம்மியாக வளைத்து, முதல் சுரம் முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும்படி வைத்தேன். இதில் பொறுமை ரொம்ப முக்கியம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குக்கூ என்று கேட்காது, வெறும் விசில்தான்.

மெஷினில் பெரிய வேலை இல்லை. பித்தளைத் தட்டுகளைப் பிரித்து, அச்சுமுனைத் துளைகளைக் கூரிய மரக்குச்சியால் துடைத்தேன். ஒரே ஒரு துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது, அதற்குப் புதுப் பித்தளைப் புஷ் (துளைக்குள் பொருத்தும் சிறு வளையம்) போட்டேன். எண்ணெய் அச்சுமுனைகளுக்கு மட்டும், ஒரு துளியிலும் சிறிது. பல்சக்கரங்களுக்கும் சங்கிலிக்கும் எண்ணெய் விடக்கூடாது, தூசியைப் பிடித்துவைத்து அரைத்துத் தள்ளும். இதில் கூவும் எண்ணிக்கையை முடிவு செய்வது விளிம்பில் வெட்டுகள் உள்ள எண்ணிக்கைச் சக்கரம். முள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. முள் நான்கில் நிற்கும்போது ஏழு கூவினால் பழுது என்று பயப்பட வேண்டாம். அதற்கான நெம்புகோலைக் கையால் தூக்கித் தூக்கிக் கூவவிட்டு எண்ணிக்கையைச் சேர்த்துவிடலாம். சுவரில் மாட்டியபின் டிக் டிக் சத்தம் சம இடைவெளியில் வரும்வரை பெட்டியை இடம் வலமாகச் சிறிது சாய்த்துப் பார்க்க வேண்டும். வேகம் கூட்ட பெண்டுலத்தின் அடியில் உள்ள இலை வடிவத் தகட்டை மேலே தள்ளவும், குறைக்கக் கீழே.

இனி மரம். செதுக்கு முழுவதும் லிண்டன் மரம். ரேகை (மரத்தின் நார் ஓட்டம்) நெருக்கமாகவும் சீராகவும் இருப்பதால் எந்தப் பக்கம் உளி போட்டாலும் எளிதில் பிளந்து ஓடாது. முயலின் வயிற்று ரோமத்தை வி வடிவ உளியின் ஒற்றைக் கீறல்களால் போட்டிருக்கிறார் அந்தக் கலைஞர். ஒரு கீறலும் திருத்தப்படவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். பழைய சாயத்தையும் மெழுகையும் உரித்துப் பளபளப்பாக்கச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். நான் செய்யமாட்டேன். அந்தக் கீறல்களின் ஆழத்தில் தங்கிய கருமைதான் ரோமத்தை ரோமமாகக் காட்டுகிறது. உலர்ந்த தூரிகை, லேசாக ஈரமான பஞ்சு, அவ்வளவுதான்.

காணாமல் போனது முயலின் ஒரு காதும், மான் கொம்பில் ஒரு கிளை நுனியும். பலகையின் ரேகை மேலும் கீழுமாக ஓட, அந்தக் காது பக்கவாட்டில் விரிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே மெல்லிசாக நீட்டிய இடம் முதலில் உடைவது இயல்புதான். புதிய காதில் ரேகை காதின் நீளத்தோடு போகும்படி வைக்கிறேன். உடைந்த முகத்தைச் சமமாகச் சீவிவிட்டால் ஒட்டுவது சுலபம், ஆனால் அந்த மரம் அவர் செதுக்கியது. அதனால் புதுத் துண்டின் அடியைத்தான் அந்த மேடுபள்ளத்துக்கு ஏற்பச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒட்டப்போவது வஜ்ஜிரத்தால். பிற்காலத்தில் இன்னும் நன்றாகச் செதுக்கத் தெரிந்த ஒருவர் கையில் இது கிடைத்தால், என் காதை எடுத்துவிட்டுத் தன் காதை வைக்கலாம்.

மான் கொம்பு நுனி அதைவிடச் சின்னது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாயத்துக்கு, மிச்சத் துண்டுகளில் வால்நட் நிறத்தை நீர்த்த கலவையாக இரண்டு மூன்று பூச்சு கொடுத்துப் பார்த்துவருகிறேன். காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பழைய மரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும்.