பேக்கப் எடுக்கவில்லையா? யெஸ்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெளிநாட்டு கிளையன்டோடு கால். டேட்டாபேஸில் பெரிய மாற்றம் ஒன்று செய்யப் போகிறோம், அதற்கு முன்னால் கடைசிச் சரிபார்ப்பு. அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்: "சோ, யூ ஹேவன்ட் டேக்கன் த பேக்கப்?" நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் "யெஸ்" என்றேன். என் மனதில் ஓடியது, ஆமாம், இன்னும் எடுக்கவில்லை என்பது. அவர் காதில் விழுந்தது, எடுத்தாகிவிட்டது என்பது. "கிரேட்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார்.

மாற்றம் பாதியில் நின்றது. திரும்பிப் போக வழியில்லை. முந்தின இரவு தானாக எடுக்கப்பட்ட நகல் ஒன்று இருந்ததால் தலை தப்பியது, ஆனால் அன்று பகல் முழுக்கப் பதிவான விவரங்களை மறுபடி உள்ளிட இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் என்னை யாரும் திட்டவில்லை என்பதுதான் கொடுமை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"வரவில்லையா?" என்று கேட்டால் தமிழில் "ஆமாம், வரவில்லை" என்போம், "இல்லை, வரவில்லை" என்றும் சொல்வோம், இரண்டும் ஓடும். நம் "ஆமாம்" கேட்டவர் சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஆங்கிலத்தில் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டாலும் நடந்தது என்ன என்பதுதான் கணக்கு: எடுத்திருந்தால் "யெஸ், வி ஹேவ்", எடுக்காவிட்டால் "நோ, வி ஹேவன்ட்". இவ்வளவுதான் விஷயம். பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தேன், கோடிட்ட இடங்களை நிரப்புவதில் கெட்டிக்காரன் என்று பெயர் வேறு. எந்தக் கோடிட்ட இடத்திலும் இதை யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் டீமில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து புதன்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பேசிப் பழகுவது என்று முடிவு செய்தோம். கொஞ்சம் இலக்கணம், கொஞ்சம் கதை, கொஞ்சம் விவாதம். எங்களில் ஒருவர் முன்பு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களுக்குப் போனவர். 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய பேச்சுப் பயிற்சி அமைப்பு அது. அங்கே ஒருவர் நேரம் பார்ப்பாராம், ஒருவர் மொழியைக் கவனிப்பாராம், இன்னொருவருக்கு ஒரே வேலை, பேசுபவர் எத்தனை முறை "ஆ", "உம்" என்று இழுக்கிறார் என்று எண்ணுவது. அந்த மூன்று வேலைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். முதல் நாள் என் கணக்கு, மூன்று நிமிடத்தில் 19 "ஆக்சுவலி". நம்பாமல் பதிவைப் போட்டுக் கேட்டேன். 21 இருந்தது.

முதல் இரண்டு மாதம் இலக்கணத்தில் வீணாய்ப் போனது என்றே சொல்வேன். பயிற்சித் தாள்கள், விதிகள், விதிவிலக்குகள். ஆறுகளின் பெயருக்கு முன்னால் "த" வரும், ஏரிகளின் பெயருக்கு முன்னால் பொதுவாக வராது, இப்படியெல்லாம் மனப்பாடம் செய்தோம். என் வேலையில் ஒரு ஆறும் இல்லை, ஒரு ஏரியும் இல்லை. தாளில் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டு அடுத்த காலில் "ஐ செக்ட் சர்வர் அண்ட் ஃபவுண்ட் இஷ்யூ" என்று பேசிக்கொண்டிருந்தேன், ஒரு "த" கிடையாது, ஒரு "அ" கிடையாது. ஸ்டீபன் கிராஷன் என்ற மொழியியலாளர் இதை "மானிட்டர்" என்பார். படித்த விதி நம் உள்ளே உட்கார்ந்து திருத்துகிற ஆள், ஆனால் அந்த ஆள் வேலை செய்ய அவகாசம் வேண்டும், காலில் பேசும்போது அது எங்கே கிடைக்கிறது? கிராஷன் சொன்ன மற்ற பலவற்றோடு சண்டை போடுகிறவர்கள் நிறைய பேர். இந்த ஒன்றோடு எனக்குச் சண்டை இல்லை.

வழி திறந்தது கதையில்தான். அதுவும் தற்செயலாக.

பக்கத்து இருக்கைக்காரர் அந்த வாரம் மொழி கவனிப்பவர். நான் ஒரு பழைய சர்வர் கோளாறைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினார். "ஏங்க, எந்த சர்வர்? முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே, அதுவா, இது வேறயா?" எனக்கு எரிச்சல். தமிழில் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு... முதலில் "ஒரு", அப்புறம் "அந்த". கேட்பவருக்குப் புதிது என்றால் "ஒரு", அவருக்கும் தெரிந்துவிட்டது என்றால் "அந்த". சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் இரண்டு மாதமாக ஆறு, ஏரி என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். "ஃபைல் அனுப்பினேன்" என்கிறோம், "ஃபைலை அனுப்பினேன்" என்கிறோம். முதலாவது ஏதோ ஒரு ஃபைலாக இருக்கலாம். இரண்டாவதில் அந்த "ஐ" வந்ததுமே, நீ கேட்டாயே அந்த ஃபைல், என்று காதில் விழுகிறது. "த" செய்கிற வேலையில் ஒரு பங்கை நம் இரண்டாம் வேற்றுமை உருபு சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. முழுக்க ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. முதல்முறை பேச்சில் வருகிற சூரியனுக்கும் ஆங்கிலத்தில் "த" போடுவார்கள், அதெல்லாம் தனிக்கதை. ஆனால் "கேட்பவருக்கு இது எதுவென்று தெரியுமா?" என்ற ஒரு கேள்வியோடு பேச ஆரம்பித்த பிறகு எனக்கு முக்கால்வாசி சரியாக விழுந்தது.

காலமும் அப்படித்தான். "ஐ ஹேவ் சென்ட் த ரிப்போர்ட் யெஸ்டர்டே" என்று எத்தனை மெயில் எழுதியிருப்பேனோ. தமிழில் "நேற்றே அனுப்பிவிட்டேன்" என்பது சுத்தமான வாக்கியம், அதை அப்படியே கொண்டுபோனால் மாட்டிக்கொள்வோம். "ஹேவ்" போட்டால் பேச்சு இந்த நொடியோடு கட்டப்பட்டுவிடுகிறது, "யெஸ்டர்டே" அந்தக் கட்டை அறுக்கிறது, இரண்டும் ஒரே வாக்கியத்தில் நிற்காது. இதை விதியாகப் பல முறை படித்திருக்கிறேன். ஆனால் கதை சொல்லும்போது, எது முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது என்று மூன்று பேர் முகத்தைச் சுளித்தபோதுதான் உறைத்தது. தமிழில் "பார்த்து, நிறுத்தி, அழித்து, மறுபடி ஓடவிட்டேன்" என்று வினையெச்சங்களை மணி கோப்பதுபோலக் கோத்துக்கொண்டே போகலாம், வரிசை தானாக அமையும். அதையே ஆங்கிலத்தில் செய்தால் "அண்ட் தென், அண்ட் தென்" என்று மூச்சு வாங்கும். டிஸ்க் முதலிலேயே நிறைந்துவிட்டிருந்தது, நாங்கள் அப்புறம்தான் பார்த்தோம் என்பதைச் சொல்ல "த டிஸ்க் ஹேட் ஃபில்ட் அப் பிஃபோர் வி லுக்ட்" என்ற "ஹேட்" எனக்குத் தேவைப்பட்டது. அந்த "ஹேட்" இல்லாமல் சொன்னபோது நாங்கள்தான் டிஸ்கை நிரப்பினோம் என்று ஒருவர் புரிந்துகொண்டார்!

கதைப் பயிற்சியில் எனக்குப் பிடித்தது நாலு மூணு ரெண்டு என்று நாங்கள் கூப்பிடுகிற முறை. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழிக் கல்வி அறிஞர் பரப்பியது. ஒரே கதையை ஒருவரிடம் நாலு நிமிடத்தில் சொல்ல வேண்டும், அப்புறம் இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், மூன்றாமவரிடம் இரண்டே நிமிடத்தில். ஆள் மாற வேண்டும் என்பது முக்கியம், கேட்டவரிடமே திரும்பச் சொன்னால் நாமே சலித்துப்போவோம். நாலு பேர் இருந்ததால் எங்களுக்குச் சரியாகப் பொருந்தியது. முதல் சுற்றில் நேரம் போதாது, கதை நடுவழியில் நிற்கும். மூன்றாவது சுற்றில் பார்த்தால் அதே கதை, "ஆக்சுவலி" எல்லாம் உதிர்ந்துபோய், வாக்கியம் ஒவ்வொன்றும் எழுந்து நடக்கும். புதிதாக எந்த இலக்கணமும் அந்த ஒன்பது நிமிடத்தில் நான் கற்கவில்லை. ஏற்கெனவே தெரிந்தது வாய்க்கு வந்து சேர்ந்தது, அவ்வளவே.

சரி, விவாதம். இதைத்தான் நான் கடைசிவரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகப் போட்டிகளில் பிரிட்டிஷ் பார்லிமென்டரி என்று ஒரு வடிவம் உண்டு. நாலு அணி, அணிக்கு இரண்டு பேர், ஆளுக்கு 7 நிமிடம். ஒருவர் பேசும்போது எதிரணிக்காரர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம், முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் மட்டும் கூடாது. நாங்கள் மொத்தமே நாலு பேர், அதனால் இரண்டுக்கு இரண்டு, ஆளுக்கு மூன்று நிமிடம், நடு நிமிடத்தில் மட்டும் குறுக்கே பேசலாம் என்று வைத்துக்கொண்டோம். அந்த நடு நிமிடம் இருக்கிறதே, அதைப்போல நீளமான நிமிடம் நான் பார்த்ததில்லை.

என் பிரச்சினை சொல்வளம் என்று நினைத்திருந்தேன். பதிவைக் கேட்டபோது வேறு ஒன்று தெரிந்தது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் கடைசியில்தான். "நீங்கள் சொல்கிற இந்தக் கருத்தை நான் முழுமையாக..." வரை சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து "ஏற்கிறேன்" என்றும் முடிக்கலாம், "ஏற்கவில்லை" என்றும் முடிக்கலாம். கடைசி நொடிவரை கதவு திறந்திருக்கும். ஆங்கிலத்தில் "ஐ டோன்ட்" என்று ஆரம்பத்திலேயே ஆள் வெளியே வந்துவிடுகிறார். வாயைத் திறப்பதற்கு முன் நான் எந்தப் பக்கம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். நான் முடிவு செய்யாமலே பேசத் தொடங்குகிற ஆள். அதனால் காரணங்களை எல்லாம் முதலில் அடுக்கி, அடுக்கி முடிப்பதற்குள் எதிரணிக்காரர் எழுந்து "சாரி, வாட் இஸ் யுவர் பாயின்ட்?" என்று கேட்டுவிடுவார். கிளையன்ட் கால்களில் எனக்கு ஏன் அடிக்கடி பேச்சு வெட்டப்படுகிறது என்பதற்கும் அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

இன்னொரு வம்பு "லாம்". "செய்யலாம்" என்ற ஒரு சொல்லில் செய்ய அனுமதி உண்டு, செய்யச் சாத்தியம் உண்டு, வாங்க செய்வோம் என்ற அழைப்பும் உண்டு. அங்கே "மே", "மைட்", "குட்", "கேன்", "லெட்ஸ்" என்று ஆளாளுக்குத் தனி அறை. "வேண்டும்" இதைவிட மோசம். எனக்கு வேண்டும், நான் போக வேண்டும், நீ மாற்ற வேண்டும் எல்லாம் ஒரே சொல், ஆங்கிலத்தில் "வான்ட்", "நீட்", "ஷுட்", "மஸ்ட்", "ஹேவ் டு". மற்றவர் எழுதிய புரோகிராம் கோடில் குறிப்பு போடும்போது நான் எங்கும் "யூ மஸ்ட் சேஞ்ச் திஸ்" என்றே எழுதி வந்திருக்கிறேன். வெளிநாட்டு டீமில் ஒருவர் என்னிடம் ஏன் எப்போதும் விறைப்பாகவே பேசுகிறார் என்று ஒரு வருடம் யோசித்திருக்கிறேன். தமிழில் பணிவை "கொஞ்சம்" போட்டு, "ங்க" போட்டுக் காட்டிவிடுவோம், அங்கே அது "குட் யூ" என்று கேட்கிற அந்த "குட்" என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. விவாதத்தில் இதைப் பழக நல்ல இடம் கிடைத்தது, ஏனென்றால் "இது நடக்கும்" என்று சொன்னால் எதிரணி உடனே ஆதாரம் கேட்கும், "மைட்" என்று சொன்னால் அப்போ நடக்காமலும் போகலாமே என்று மடக்கும். எந்த அளவு உறுதியோ அந்த அளவுக்கான சொல்லைத் தேடித்தான் ஆக வேண்டும்.

நம்மிடம் இருந்து அங்கே இல்லாததும் உண்டு. ஒருநாள் நான் காலில் "வி வில் ஃபிக்ஸ் இட்" என்றேன், கிளையன்ட் தங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று நினைத்து மறுநாள் இரண்டு பேரை அனுப்பிவைத்தார். "நாம்" வேறு, "நாங்கள்" வேறு என்று பிரித்துச் சொல்லப் பழகியவனுக்கு "வி" ஒரு சாக்குமூட்டை. இப்போது "மை டீம் வில் ஃபிக்ஸ் இட்" என்கிறேன்.

மெர்ரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் 1985இல் எழுதியது ஒன்று உண்டு. கனடாவில் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் படித்த பிள்ளைகள் வருடக்கணக்கில் கேட்டு நன்றாகப் புரிந்துகொண்டார்கள், ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணம் தடுமாறியது. கேட்டால் மட்டும் போதாது, சொல்ல வேண்டிய நெருக்கடி வேண்டும் என்பது அவர் வாதம். படித்தபோது எனக்கு அந்தப் பிள்ளைகள் மீது பாவமாக இருந்தது, என் மீதும்தான்.

போன வாரப் பதிவை இன்று காலை கேட்டேன். "ஆக்சுவலி" 4. விட்டுப்போன "த" 5. "ஷி டோன்ட்" என்று ஒருமுறை, இது என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது. டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஐந்தாவது ஆளாக வந்து உட்கார்ந்தார், வந்ததும் "ஐ ஹேவ் அ டவுட்" என்றார். இதே வாக்கியத்தைச் சொல்லி ஒருமுறை கிளையன்டைப் பதற வைத்தவன் நான். எங்கள் கணக்கில் ஏதோ தப்பு இருப்பதாக நான் சந்தேகப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டு மேலாளரையே காலுக்குக் கூப்பிட்டுவிட்டார். "க்வெஸ்ச்சன்னு சொல்லும்மா" என்று மட்டும் சொன்னேன், காரணத்தை அவரே ஒருநாள் கதையாகச் சொல்வார்.

ஐந்து பேர் ஆனதால் நாலு மூணு ரெண்டில் ஒருவர் மிச்சம், அவர் நேரம் பார்க்கட்டும். அடுத்த புதன்கிழமை விவாதத் தலைப்பு, அலுவலகக் கூட்டங்களை அடியோடு நிறுத்த வேண்டும் என்பது. சீட்டு குலுக்கியதில் நிறுத்த வேண்டும் என்ற பக்கம் எனக்கு விழுந்திருக்கிறது. எனக்கோ கூட்டங்கள் பிடிக்கும். முதல் வாக்கியத்தை மட்டும் தயார் செய்து வைத்திருக்கிறேன், "ஐ டோன்ட்" என்று ஆரம்பிக்கிறது.